பக்கத்து சீட்டில் அப்பா

தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. ஸ்கேனர் என்றால்தான் யாருக்கும் தெரியும். காரில் செருகினால் கோளாறைத் திரையில் எழுதிக் காட்டும் அந்தக் கருவியை வட்டாரத்திலேயே முதலில் வாங்கியவர் அவர்தான். வாங்கியதோடு விட்டாரா? டீ குடிக்க வந்தவன், வழி கேட்க வந்தவன், குடையை மறந்துவிட்டுப் போனவன் என்று ஒருவரையும் விடாமல் அதன் பெருமையைச் சொல்லித் தீர்த்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. பக்கத்து டயர் கடைக்காரர் "யோவ் ஸ்கேனரு" என்று கத்தும்போது முகத்தைச் சுளிப்பார். அதுவும் ஒப்புக்குத்தான்.

அப்பேர்ப்பட்ட ஸ்கேனருக்கு, பெற்ற மகளின் காரில் என்ன கோளாறு என்று சொல்ல முடியவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்! ஒரு வாரமாக அந்தச் சின்ன வெள்ளைக் கார் அவருடைய ஷெட்டில் நின்று அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

மகளை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பாப்பா மாட்டு டாக்டர். தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு சினைமாட்டைச் சோதிக்கிற பெண்ணை என்ன பாப்பா வேண்டிக்கிடக்கிறது என்று அவர் மனைவி கேட்டுப் பார்த்துவிட்டாள். பலிக்கவில்லை. அந்தப் பாப்பாவுக்கு வெகுதூரத்தில், மலைப்பக்கத்தில், பால் பண்ணைகளைச் சுற்றிப் பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. பண்ணைக்குப் பண்ணை போக வேண்டும், ஆகவே சொந்தக் கார் இருந்தால்தான் வேலை. வரும் திங்கட்கிழமை காரோடு போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு வேலை போய்விடும். ஆசைப்பட்டுப் படித்த படிப்புக்கு, ஆசைப்பட்ட மாதிரியே கிடைத்த வேலை அது. பாப்பா தன் சேமிப்பில் இந்தப் பழைய காரை வாங்கிக்கொண்டு வந்தாள்.

வாங்கி வந்த அன்று மூன்று பேரும் ஒரு சுற்றுப் போனார்கள். மகள் ஓட்டினாள், அப்பா பக்கத்து சீட்டில், அம்மா பின்னால். தெருமுனை திரும்புவதற்குள் டாஷ்போர்டில் இருந்த அத்தனை எச்சரிக்கை விளக்கும் ஒன்றாக எரிந்தன. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது.

"நிறுத்து, நிறுத்து!" என்று ஸ்கேனர் கத்தினார். "ஒரு மாட்யூல் இன்னொரு மாட்யூலோட பேசல!"

"உங்களப் பாத்ததும் அதுங்களுக்கு வாயடைச்சுப் போச்சு போல" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

இப்போது வருகிற கார்களில் எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று என்று ஆளுக்கொரு குட்டிக் கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. அதைத்தான் மாட்யூல் என்பார்கள். அத்தனையும் தங்களுக்குள் பேசிக்கொள்வது ஒன்றோடொன்று முறுக்கிவிட்ட இரண்டே இரண்டு ஒயரில். அந்த ஒயரில் எங்காவது கோளாறு என்றால் மொத்தக் குடும்பமும் ஊமையாகிவிடும். அப்புறம் ஸ்கேனர் கருவியைச் செருகிக் கேட்டால், பிரேக் பெட்டி எஞ்சினைக் காணோம் என்னும், எஞ்சின் பெட்டி பிரேக்கைக் காணோம் என்னும், ஏர்பேக் பெட்டி இரண்டையுமே காணோம் என்னும். எல்லாரும் அடுத்தவரைத்தான் கைகாட்டுவார்கள். உண்மையில் யார் தொலைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

இந்த வேலைக்கு ஸ்கேனரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காரானாலும் டிரைவர் சீட்டில் உட்கார மாட்டார். பக்கத்து சீட்டில் சாய்ந்து, மடியில் கருவியோடு இணைத்த லேப்டாப்பை வைத்துக்கொண்டுதான் சோதிப்பார். "இங்க வெளிச்சம் நல்லா இருக்கு. ஒயரெல்லாம் இந்தப் பக்கம்தான் வருது" என்று காரணம் சொல்லுவார். அசல் காரணம் அவர் வயிறு. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் வயிறு ஸ்டீயரிங்கில் முட்டி, லேப்டாப்புக்கு இடமில்லாமல் போய்விடும். எடையைக் குறைக்காவிட்டால் மூட்டு தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த டாக்டருக்கு அனுபவம் பத்தாது என்று ஸ்கேனர் முடிவு கட்டியிருந்தார்.

முதல் நாள் பிரேக் பெட்டிதான் குற்றவாளி என்றார். தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் பெட்டி வாங்கி மாட்டினார். "புடிச்சிட்டேன்!" என்று தெருவுக்கே அறிவித்துவிட்டு, மகளை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். விளக்கெல்லாம் எரிந்தன. அடுத்த நாள் ஏர்பேக் பெட்டியைக் கழற்றிவைத்தார். "இந்தத் தடவை புடிச்சிட்டேன்!" ஏறி உட்கார்ந்தார். மறுபடியும் விளக்கெல்லாம் எரிந்தன. அதற்கடுத்து எர்த் கம்பிகளையெல்லாம் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப மாட்டினார். இந்தத் தடவை டயர் கடைக்காரரே முந்திக்கொண்டு, "புடிச்சிட்டீராய்யா?" என்று கேட்டார்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, திறந்த கதவோரம் சாக்கை விரித்து மண்டியிட்டு, அந்த இரண்டு ஒயருக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தார். அறுபது ஓம்ஸ் காட்டினால் லைன் சுகம் என்று அர்த்தம். மீட்டர் அறுபதேதான் காட்டியது. எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, பேட்டரியை மாட்டி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். 'தொடர்பு இல்லை' என்றது திரை. இறங்கி மீட்டர் வைத்தால் அறுபது. ஏறி உட்கார்ந்தால் ஊமை. நல்ல ஒயர் எப்படி ஊமையாகும் என்று அவருக்குக் கிறுக்குப் பிடித்தது.

"நான் தனியா ஓட்டும்போது ஒண்ணுமே ஆகலப்பா" என்றாள் மகள். தினமும் காலையில் வீட்டிலிருந்து ஷெட்டுக்கு அவள்தான் காரைக் கொண்டுவந்து விடுவாள்.

"நீ ரோட்டைப் பாத்திருப்பே. டாஷ்போர்டைப் பாத்திருக்க மாட்டே."

"மாட்டு வயித்துக்குள்ள கையை விட்டு, கன்னுக்குட்டி எந்தப் பக்கம் திரும்பிக் கெடக்குன்னு சொல்றவ நான். கண்ணுக்கு முன்னால எரியிற விளக்கு தெரியாதா எனக்கு?"

"கோளாறு விட்டு விட்டு வருதும்மா. இதெல்லாம் உனக்குப் புரியாது."

சொல்லிவிட்டார். சொன்னதும் மகள் முகம் சுருங்கியதைப் பார்க்கவும் செய்தார். ஆனால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக, தெரியாது என்ற வார்த்தை அடுத்தவருக்குத்தான் பொருந்தும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் தீர்ப்பு சொன்னார். "இந்தக் கார்ல உன்னை மலை ரோட்டுக்கு அனுப்ப மாட்டேன். வளைவுல ஸ்டீயரிங் மக்கர் பண்ணினா என்ன ஆகும்?"

மகள் வாக்குவாதம் செய்யவில்லை. "சரிப்பா. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. நீ சரின்னு சொன்னா போறேன். இல்லேன்னா போன் பண்ணி வரலேன்னு சொல்லிடறேன்."

"கம்பெனி ஒர்க்‌ஷாப்புல வேணா ஒரு தடவ காட்டேன்" என்று அம்மா இழுத்தாள்.

"எதுக்கு? கார் விஷயத்துல அப்பாவ விட யாரு?" என்றாள் மகள்.

அன்றைக்குப் படுத்ததும் ஸ்கேனருக்கு நல்ல தூக்கம் வந்தது. அதுதான் அவரைச் சங்கடப்படுத்தியது. தொழிலில் தோற்ற மனுஷனுக்குத் தூக்கம் வருமா? வந்ததே! காரணம் அவருக்கே தெரியும். மகள் போவதில் அவருக்கு இஷ்டமில்லை. காலையில் குளியலறைக் கதவைப் படாரென்று சாத்துவாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கேட்காமல் எடுத்துத் துடைத்து வைப்பாள். சாப்பிடும்போது மாட்டு நோய்களைப் பற்றி விலாவாரியாகப் பேசி அம்மாவிடம் திட்டு வாங்குவாள். இதெல்லாம் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒற்றைப் பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லாருக்கும் வருகிற பயம்தான், ஆனால் தனக்கு மட்டும்தான் வந்திருக்கிறது என்று அவர் நினைத்தார்.

சனிக்கிழமை காலை ஷெட்டில் தனியாக இருந்தார். வழக்கம்போலப் பக்கத்து சீட்டு, மடியில் லேப்டாப், திரையில் 'தொடர்பு இல்லை'. கையிலிருந்த பேனா நழுவிச் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே விழுந்தது. எடுக்க வேண்டுமென்றால் ஒரு பக்கமாக உடம்பைத் தூக்க வேண்டும். கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே பின்புறத்தைத் தூக்கினார்.

லேப்டாப் கீச்சிட்டது. எஞ்சின், பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் என்று அத்தனை பெட்டியும் வரிசையாக வந்து ஆஜர் சொல்லின.

"ஆகா!" என்று நிம்மதியாக உட்கார்ந்தார். திரை ஊமையானது. மறுபடி தூக்கினார். பேசியது. உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டது. தூக்கினார், உட்கார்ந்தார், தூக்கினார், உட்கார்ந்தார்.

"என்ன ஸ்கேனரு, சீட்ல முள்ளு கிள்ளு கெடக்கா?" என்று டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"புடிச்சிட்டேன்யா! இந்தத் தடவை நெஜமாவே புடிச்சிட்டேன்!"

"என்னது?"

ஸ்கேனர் வாயைத் திறந்தார். என்ன சொல்வது? "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்று சமாளித்தார்.

சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கிப் பார்த்தார். தரையோடு தரையாக ஓட வேண்டிய ஒயர் கட்டு, பிடித்து வைத்திருந்த கிளிப் உடைந்ததால், மேலே துருத்திக்கொண்டு கிடந்தது. சீட்டின் தொய்ந்த ஸ்பிரிங் உரசி உரசி, அந்த முறுக்கு ஒயர் இரண்டிலும் தோல் உரிந்து செம்பு பளபளத்தது. யாராவது கனமான ஆசாமி உட்கார்ந்தால் ஸ்பிரிங் கீழே அமுங்கி, இரண்டு செம்பையும் ஒன்றாக அழுத்திவிடும். அவ்வளவுதான், மொத்தக் காரும் ஊமை. எழுந்தால் சரியாகிவிடும். ஒல்லியான ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அதுவரை இறங்கவே இறங்காது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இது முதுகையும் தாண்டிக் கீழே. இரவல் பெட்டி என்ன, உப்புத்தாள் என்ன, தெரு முழுக்க அறிவிப்பு என்ன! ஒரு வாரமாகக் கோளாறின் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு கோளாறைத் தேடியிருக்கிறார். ஸ்கேனர் என்று பேர் வேறு. அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தனியாக நின்று தொந்தி குலுங்கச் சிரித்தார்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றது. இதைச் சரிசெய்தால் மகள் போய்விடுவாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இது யாருக்கும் தெரியாது. சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, 'இன்னும் தெரியலம்மா' என்று சொன்னால் போதும். பொய்கூட இல்லை, நேற்று வரை உண்மையாக இருந்த வாக்கியம்தானே! சாயங்காலம் அவள் போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிடுவாள். இங்கேயே உள்ளூரில் ஒரு வேலை வராமலா போய்விடும்? மலை ரோடு ஆபத்து, அங்கே குளிர், சாப்பாடு எப்படியோ, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரமோ. வக்கீலுக்குப் படித்திருக்கலாம் போல, வாதம் அவ்வளவு அழகாக வந்தது. வைத்திருந்த டீ ஆடை கட்டிப் போனது. மத்தியானம் ஆகியும் அவர் எழுந்திருக்கவில்லை, சாப்பாட்டையும் தொடவில்லை.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, அங்கேர்ந்து கூப்பிட்டாங்க, வர்றீங்களா இல்லையான்னு. சாயங்காலம் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"ம்."

"அவசரமில்லப்பா. நீ நிதானமா பாரு. ஆகலேன்னா ஆகல, என்ன இப்ப? நீ சாப்டியா?"

குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவள் படுகிற பாடு அவருக்குக் கேட்டது. பள்ளிக்கூடத்தில் பரிசு கிடைக்காத அன்று வீட்டுக்கு வந்து, "அந்தக் கோப்பை பார்க்கவே அசிங்கம்" என்று சொன்ன அதே குரல். போனை வைத்துவிட்டு ஸ்கேனர் தலையில் அடித்துக்கொண்டார். "அட மடையா" என்றார் தனக்குத்தானே. "ஒரு வாரமா அவ நெஜத்தைச் சொன்னா, நீ நம்பல. இன்னிக்கு நீ பொய் சொன்னா அவ நம்பிடுவாடா. அதுதான்டா கொடுமை."

எழுந்து வேலையை ஆரம்பித்தார். உரிந்த இடங்களைப் பற்றவைத்து, ஒயருக்கு ஒயர் தனித்தனியாக உறை போட்டு, டேப் சுற்றி, ஒயர்க் கட்டைத் தரையோடு ஒட்டவைத்துப் புதுக் கிளிப்பால் இறுக்கினார். தொய்ந்த ஸ்பிரிங்கையும் மாற்றினார். சீட்டை மாட்டி ஏறி உட்கார்ந்தார். அது போதாதென்று குதித்துக் குதித்து உட்கார்ந்து பார்த்தார். அத்தனை பெட்டியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் சொல்லிவிட்டார். எங்கே கோளாறு, ஏன் கோளாறு, யார் உட்கார்ந்ததால் கோளாறு என்று ஒன்றையும் மறைக்கவில்லை. கூடத்து நாற்காலியில் எழுந்து உட்கார்ந்து ஒரு முறை செய்தும் காட்டினார்.

மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்த தன் தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் வாயால சொன்னாரு, கேக்கல. காரு வாயை மூடிக்கிட்டுச் சொல்லிடுச்சு பாருங்க!"

மகளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அப்ப, தனியா ஓட்டும்போது ஒண்ணும் ஆகலேன்னு நான் சொன்னது?" என்றாள்.

"நெஜம்தாம்மா. உனக்குப் புரியாதுன்னு சொன்னேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்."

"அதெல்லாம் வேண்டாம். எடையக் குறை" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். திங்கட்கிழமை வந்துவிடுகிறேன் என்று அவள் யாரிடமோ சொல்வதை ஸ்கேனர் உள்ளேயிருந்து கேட்டார். அந்தக் குரலில் சந்தோஷம் துள்ளியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டி படுக்கையெல்லாம் பின்னால் ஏற்றியாயிற்று. அம்மா வாசலிலேயே நின்றுகொண்டாள். "நெடுஞ்சாலை வரைக்கும் வாயேன்ப்பா, பஸ்ல திரும்பிக்கலாம்" என்று மகள் கூப்பிட்டாள். ஸ்கேனர் பக்கத்து சீட்டில் ஏறி, பூப்போல உட்கார்ந்தார்.

"நல்லா உக்காருப்பா. நீ பண்ணின வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

நன்றாகவே உட்கார்ந்தார். தெருமுனை திரும்பியது. கடைத்தெரு தாண்டியது, ரயில்வே கேட் தாண்டியது. அவர் கண் டாஷ்போர்டை விட்டு நகரவில்லை. ஒரு விளக்கு, ஒரே ஒரு விளக்கு எரியக் கூடாதா? எரிந்தால் வண்டியைத் திருப்பிவிடலாமே! பாழாய்ப்போன வேலையை அவ்வளவு ஒழுங்காகச் செய்து தொலைத்திருந்தார்.

"அம்மா நேத்து என்ன சொன்னா தெரியுமா?" என்றாள் மகள். "உங்கப்பா கண்டுபிடிச்சாலும் சொல்ல மாட்டாரு, பாத்துக்கோன்னா."

"நீ என்ன சொன்னே?"

"சொல்லுவாருன்னு சொன்னேன்."

அவர் டாஷ்போர்டிலிருந்து கண்ணை எடுத்தார். அப்புறம் மெதுவாக, "காலையிலேயே கண்டுபிடிச்சிட்டேன் பாப்பா. சாயங்காலம்தான் சொன்னேன்" என்றார்.

"தெரியும்."

"தெரியுமா?"

"டயர் கடை மாமா மத்தியானமே அம்மாவுக்குப் போன் பண்ணிட்டாரு. காலையில புடிச்சிட்டேன்னு கத்தினாரு, அப்புறம் பாத்தா பேயறைஞ்ச மாதிரி ஸ்டூல்லயே உக்காந்திருக்காரு, டீகூடக் குடிக்கலேன்னு. அதுக்கப்புறம்தான் நான் உனக்குப் போன் பண்ணேன்."

"அப்பவே நேரா கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ சொல்லிடுவேப்பா. அது எனக்குத் தெரியும்." மகள் கியரை மாற்றினாள். "கேக்காம சொல்றியான்னு பாத்தேன்."

முன்கண்ணாடி வழியே நெடுஞ்சாலை தெரிய ஆரம்பித்தது. ஸ்கேனர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூக்கையும் உறிஞ்சினார்.

"என்னப்பா?"

"எதிர்ல லாரி வருது" என்றார். "ரோட்டைப் பாத்து ஓட்டு."